அம்பு முதலில், வட்டம் அப்புறம்: டுப்னோ பிரசங்கியார் உரைகாரரா, கதைசொல்லியா?

தூக்குச்சட்டி | வெள்ளி, இரவு 9:12

வணக்கம். நேற்று எங்கள் அலுவலக வாட்ஸப் குழுவில் ஒரு கதை வந்தது. பெரிய இடத்துப் பையன் ஒருவன் வில்வித்தை படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறான். வழியில் ஒரு களஞ்சியச் சுவர். அதில் ஏகப்பட்ட வட்டங்கள், ஒவ்வொரு வட்டத்தின் நட்டநடுவிலும் ஓர் அம்பு. ஒன்றுகூடத் தப்பவில்லை. "யாரப்பா இந்த வில்லாளி?" என்று ஊரெல்லாம் விசாரித்தால், செருப்பில்லாத ஒரு பொடியன் வந்து நிற்கிறான். எப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, "முதலில் அம்பை விடுவேன். அது எங்கே குத்துகிறதோ அங்கே வட்டம் போட்டுவிடுவேன்" என்கிறான்.

"ஒரு ஞானி சொன்னது" என்று கீழே போட்டிருந்தார்கள். எந்த ஞானி என்று தேடியதில் டுப்னோ மாகித் என்று ஒரு யூதப் பிரசங்கியாரின் பெயர் வந்தது. அதற்குமேல் தெரியவில்லை. யாராவது படித்திருக்கிறீர்களா?

ராத்திரி ஷிப்ட் | வெள்ளி, இரவு 9:40

அவர் ஹசீதியம் என்ற யூத பக்தி இயக்கத்தின் குரு. அதைத் தொடங்கிய பால் ஷேம் தோவுக்கு அடுத்து வந்தவர். பெரிய ஆள்.

எழுத்தாணி | வெள்ளி, இரவு 11:05

ஷிப்ட் தம்பி, இரண்டு மாகித்களைக் கலந்துவிட்டீர்கள். பலரும் செய்வதுதான். மாகித் என்பது ஆளின் பெயரல்ல, உத்தியோகம். பிரசங்கி என்று பொருள். ஊர் ரபீ சட்டம் சொல்வார், வழக்கைத் தீர்ப்பார். வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு முறைதான் பெரிய பிரசங்கம் செய்வார். மற்ற ஓய்வுநாட்களில் பிற்பகல் நேரத்தில் சனங்களை உட்காரவைத்துப் பேசுவது மாகித்தின் வேலை. சிலருக்கு ஊரே சம்பளம் கொடுக்கும். சிலர் ஊர் ஊராகப் போய்ப் பேசி, கிடைத்ததை வாங்கிக்கொள்வார்கள்.

நீங்கள் சொல்பவர் மெசெரிட்ச் மாகித் டோவ் பேர். 1772இல் இறந்தவர், ஹசீதிய இயக்கத்தை நிலைநிறுத்தியவர். தூக்குச்சட்டி கேட்பது யாக்கோபு கிரான்ஸ் என்பவரைப் பற்றி. குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு: இவரும் 18 வயதில் மெசெரிட்ச் என்ற ஊரில்தான் பிரசங்க வேலையைத் தொடங்கினார். அந்தப் பெயரில் அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உண்டு. ஆனால் இவர் நின்ற அணி வேறு. ஹசீதியர்களுக்கு எதிராக 1772இல் வில்னா நகரத்திலிருந்து விலக்கு ஆணை போனதே, அதற்குப் பின்னால் இருந்த எலியா என்ற மேதை, 'வில்னா காவோன்', இவருடைய நெருங்கிய நண்பர்.

பிறந்தது 1740 வாக்கில், ஜீட்டெல் என்ற சிற்றூரில். இன்றைக்கு அது பெலாரூசில் ஜாட்லவா. மெசெரிட்சுக்குப் பிறகு ஸோல்கியெவ், அப்புறம் டுப்னோவில் 18 ஆண்டுகள், பின் வ்லொடாவா, காலிஷ், கடைசியாக ஸாமோஷ்ச். அங்கேயே 1804 டிசம்பரில் காலமானார்.

டுப்னோவைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய மேற்கு உக்ரைனில் இருக்கிறது. 1772இல் போலந்தை முதல் தடவை பங்கு போட்டபோது லெம்பெர்க் நகரம் ஆஸ்திரியாவுக்குப் போய்விட்டது. அங்கே ஆண்டுதோறும் நடந்த பெரிய சந்தை, போலந்துப் பிரபுக்கள் நிலத்தைக் குத்தகைக்கு விடுவதும் கடன் பேசுவதும் தானியம் விற்பதுமான சந்தை, டுப்னோவுக்கு இடம்மாறியது. வண்டி, சத்திரம், தரகர், மூட்டைதூக்கி, ஏமாந்தவன், ஏமாற்றியவன் எல்லாரும் ஒரே ஊரில். இவருடைய கதைகளைப் படித்தால் ராஜாவும் இளவரசனும் அவ்வப்போது வந்துபோவார்கள். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் இந்தச் சந்தைக்காரர்கள்தான்.

மோசே மெண்டல்சோன் இவருக்கு 'யூத ஈசாப்' என்று பெயர் வைத்ததாகச் சொல்வார்கள். பெர்லினில் உட்கார்ந்து தோராவை, அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்களை, ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்த மெண்டல்சோனும், பழைமையின் தூணாக நின்ற வில்னா காவோனும் ஒரே ஆளை ரசித்தார்கள் என்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயமல்ல.

மலைக்கள்ளி | சனி, காலை 7:30

எழுத்தாணி அண்ணா, அருமை. ஆனால் எனக்கு அந்த அம்புக் கதையே உறுத்துகிறது. நான் புள்ளியியல் பாடம் நடத்துகிறவள். இந்தத் தப்புக்கு எங்களிடம் பெயரே இருக்கிறது: டெக்சாஸ் துப்பாக்கிக்காரர் பிழை. முதலில் தரவு, அப்புறம் அதற்குப் பொருந்துகிற மாதிரி கொள்கை. மாணவர்கள் இப்படிச் செய்தால் மதிப்பெண் கழிப்போம்.

இவரோ அதை வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். "எந்த வசனத்துக்கும் கச்சிதமாக ஒரு கதை எப்படிக் கிடைக்கிறது?" என்று கேட்டதற்குத்தானே இந்தக் கதையைச் சொன்னாராம்? நல்ல கதை கையில் கிடைத்தால் அதற்கு ஏற்ற வசனத்தைத் தேடிப் பிடிப்பேன் என்று அர்த்தம். நேர்மையான ஆள், சரி. ஆனால் அப்படிப்பட்டவரை வேத வியாக்கியானி என்று எப்படிச் சொல்வது? கதைசொல்லி என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

பழங்கஞ்சி | சனி, காலை 8:02

நம்ம ஊர் காலட்சேபக்காரர்கள் எல்லாரும் கைதட்டுங்கள். ராமாயணத்தில் ஆரம்பித்து மாமியார் மருமகளில் முடிக்கிறவர்களுக்கு ஐரோப்பாவில் ஒரு பங்காளி கிடைத்துவிட்டார் :)

நெறியாளர் | சனி, காலை 8:45

காலட்சேபம், பட்டிமன்றம் ஒப்பீடு வேண்டுமென்றால் தனி இழை தொடங்கவும். போன முறை இப்படித்தான் எண்பது பதிவு ஓடி, கடைசியில் யாரோ யாரையோ முடக்கச் சொன்னார்கள்.

எழுத்தாணி | சனி, பகல் 12:20

மலைக்கள்ளி, கேள்வி நியாயமானது. அம்புக் கதை அவரைப் பற்றிப் பரவிய கதை. அவர் பெயரில் உள்ள புத்தகங்களைத் திறந்தால் வேலை தலைகீழாக நடக்கிறது. முதலில் ஒரு முடிச்சு. வசனத்தில் ஒரு சொல் கூடுதலாக இருக்கும், வரிசை மாறியிருக்கும், அல்லது மித்ராஷ் என்ற பழைய யூத உரைத் தொகுப்பில் ஒரு வரி வசனத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் நிற்கும். அதைச் சுட்டிக்காட்டுவார். அப்புறம் "இதற்கு ஓர் உவமை" என்று தொடங்குவார். கதை முடிந்ததும் 'நிம்ஷால்', அதாவது கதை எதைக் குறிக்கிறதோ அது. அதன் முடிவில் முதலில் போட்ட முடிச்சு அவிழ்ந்திருக்கும். அவிழாவிட்டால் கதை வீண்.

ஒன்றைக் காட்டுகிறேன். வேதாகமக் கல்லூரியில் இரண்டு வருடம் எபிரெயம் படித்த கையிருப்புதான் என்னிடம் உள்ளது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏசாயா 43:22. எபிரெயத்தில் ஓசை இப்படி வரும்: "வெலோ ஓதி காராத்தா யாக்கோவ், கி யாகாத்தா பி யிஸ்ராயேல்." கடவுள் யாக்கோபைப் பார்த்துக் குறைப்படுகிறார்: நீ என்னைக் கூப்பிடவில்லை, என்னைக் குறித்துச் சலித்துப்போனாய். சாதாரணமாக இப்படித்தான் வாசிப்பார்கள். ஆனால் சொல் வரிசையைப் பாருங்கள். 'லோ' என்றால் இல்லை. 'ஓதி' என்றால் என்னை. 'காராத்தா' என்றால் கூப்பிட்டாய். 'இல்லை' என்பது 'கூப்பிட்டாய்' பக்கத்தில் நிற்கவில்லை, 'என்னை' பக்கத்தில் நிற்கிறது.

இப்போது கதை. வெளியூர் போய்த் திரும்பிய வணிகர், தன் பெட்டியை எடுத்துவர ஒரு மூட்டைதூக்கியை அனுப்புகிறார். கொஞ்ச நேரத்தில் வாசலில் அவன் குரல்: "ஐயா, கொண்டுவந்துவிட்டேன், முதுகே முறிந்துவிட்டது." மூச்சு வாங்குகிறது. வணிகர் உள்ளேயிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நீ கொண்டுவந்தது என் பெட்டி இல்லை. போய் மாற்றிக்கொண்டு வா" என்கிறார். பார்க்காமலே எப்படித் தெரியும் என்று அவன் கேட்கிறான். "என் பெட்டியில் இருப்பது ரத்தினக்கல். கையில் தொங்கவிட்டுக்கொண்டு வரலாம். உனக்கு இப்படி வேர்த்திருக்கிறது என்றால் நீ தூக்கியது வேறு யாருடைய சுமையோ."

இப்போது வசனத்தைத் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன்: "யாக்கோபே, நீ கூப்பிட்டது என்னை அல்ல, களைத்துப்போயிருக்கிறாயே." 'கி' என்ற சொல்லுக்கு 'ஏனென்றால்' என்ற பொருளும் உண்டு. களைப்புதான் சாட்சி. ஜெபம் செய்கிறாய், பலி கொண்டுவருகிறாய், செய்து முடித்ததும் அலுத்துப்போகிறாய். அலுப்பு வந்தது என்றால் நீ கொண்டுவந்த மூட்டை எனக்கானது அல்ல.

'கூப்பிடவில்லை' என்பதற்கும் 'கூப்பிட்டது என்னை அல்ல' என்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. "நான் போகவில்லை" என்பது வேறு, "போனது நானில்லை" என்பது வேறு. இந்த மொழியில் வளர்ந்தவர்களுக்கு இந்த உரை சட்டென்று பிடிபடும் என்பது என் எண்ணம்.

ஓலைப்பெட்டி | சனி, மாலை 4:15

ஐயா, வீட்டில் உள்ள தமிழ் வேதாகமத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் நேரான அர்த்தம்தான், கூப்பிடவில்லை என்றுதான் இருக்கிறது. ஆனால் நீங்கள் ஒரு வசனத்தோடு நிறுத்திவிட்டீர்களே! அடுத்த இரண்டையும் வாசித்தால் மூட்டைதூக்கி அங்கேயும் நிற்கிறான்.

23ஆம் வசனத்தில், காணிக்கை கேட்டு நான் உன்மேல் சுமை வைக்கவில்லை, தூபவர்க்கம் கேட்டு உன்னை வருத்தவில்லை என்கிறார். 24இல் அப்படியே திருப்பிப் போடுகிறார்: உன் பாவங்களால் நீதான் என்மேல் சுமை வைத்தாய், உன் அக்கிரமங்களால் என்னை வருத்தினாய். யார் யாருக்காகச் சுமக்கிறார்கள் என்பதுதான் அந்தப் பகுதி முழுக்கப் பேச்சு. மூட்டைக் கதையை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

எழுத்தாணி | சனி, மாலை 4:50

இது நான் கவனிக்காதது. எபிரெயத்திலும் மூன்று வசனங்களிலும் ஒரே வினைச்சொல்தான் திரும்பத் திரும்ப வருகிறது: 'யாகாத்தா' (களைத்தாய்), 'ஹோகாத்திகா' (உன்னைக் களைப்பூட்டினேன்), 'ஹோகாத்தானி' (என்னைக் களைப்பூட்டினாய்). நன்றி ஓலைப்பெட்டி.

மலைக்கள்ளி | சனி, இரவு 10:10

கதை நன்றாகவே இருக்கிறது. நாள் முழுக்க அந்த மூட்டைதூக்கி என் தலைக்குள் நடந்துகொண்டிருந்தான், அதை மறைக்கவில்லை.

ஆனால் ஓலைப்பெட்டி சொன்ன 23ஆம் வசனத்தின் முதல் பாதியை ஏன் யாரும் தொடவில்லை? நானும் பார்த்தேன். உன் சர்வாங்க தகன பலிகளின் ஆடுகளை நீ எனக்குக் கொண்டுவரவில்லை என்று இருக்கிறது. ஆக ஏசாயாவின் புகார் எளிமையானது: நீ செய்யவில்லை. கூப்பிடவில்லை, கொண்டுவரவில்லை. உங்கள் பிரசங்கியாரோ, நீ செய்தாய், ஆனால் தவறாகச் செய்தாய் என்று மாற்றுகிறார். அவருக்கு முன்னால் ஜெப ஆலயத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் ஒழுங்காக ஜெபம் செய்கிறவர்கள். அவர்களிடம் போய் 'நீங்கள் ஜெபிக்கவில்லை' என்று திட்ட முடியாது. அதனால் அர்த்தத்தை வளைத்தார். இதுவும் வட்டம் வரைவதுதான்.

எழுத்தாணி | ஞாயிறு, காலை 6:40

நல்ல அடி. ராத்திரி யோசித்தேன்.

பாதி ஒத்துக்கொள்கிறேன். யூத உரை மரபில் 'பெஷாத்' என்றும் 'தெராஷ்' என்றும் இரண்டு உண்டு. பெஷாத் என்பது சொல்லின் நேர்ப்பொருள். தெராஷ் என்பது தோண்டி எடுக்கிற பொருள். மாகித் செய்வது தெராஷ். ஏசாயா தன் காலத்தில் என்ன நினைத்தார் என்பதைக் கண்டுபிடிக்க அவர் புறப்படவே இல்லை. தெராஷ் செய்கிறவருக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு: மூலத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி இருக்கவேண்டும். இங்கே கொக்கி சொல் வரிசை. வசனத்தில் 'ஓதி' முன்னால் வந்தது அவர் கற்பனை அல்ல.

23ஆம் வசனம்? "நீ எனக்குக் கொண்டுவரவில்லை" என்பதை "கொண்டுவந்தாய், எனக்கல்ல" என்றும் இழுக்கலாம். ஆனால் அங்கே 'எனக்கு' என்பது வினைக்குப் பின்னால்தான் நிற்கிறது. கொக்கி பலவீனம். அந்த இடத்தில் நேர்ப்பொருள் உங்கள் பக்கம்தான்.

ஆனால் கேட்டவர்களுக்காக வளைத்தார் என்று சொன்னீர்களே, அதைக் குற்றமாக எனக்குப் படிக்க முடியவில்லை. ஒழுங்காக வந்து உட்கார்ந்து ஜெபித்து முடித்து, அப்பாடா என்று எழுந்து போகிறவனைப் பார்த்து, 'உனக்கு வந்த அந்த அப்பாடாவைப் பற்றித்தான் வசனம் பேசுகிறது' என்பது லேசான திட்டா என்ன? 'நீ செய்யவில்லை' என்றால் அவன் பக்கத்தில் இருப்பவனைத் திரும்பிப் பார்ப்பான்.

ராத்திரி ஷிப்ட் | ஞாயிறு, பகல் 11:30

சண்டை சூடாக இருக்கிறது, நடுவில் ஒரு கதை. மாகித்தின் வண்டிக்காரன் ஊர் ஊராக அவர் பேச்சைக் கேட்டுக் கேட்டு எல்லாம் மனப்பாடம். ஒருநாள், "சாமி, ஒரே ஒரு தடவை நான் உங்கள் சட்டையைப் போட்டுக்கொள்கிறேன், நீங்கள் என் சாட்டையைப் பிடியுங்கள்" என்கிறான். புது ஊர், யாருக்கும் முகம் தெரியாது. வண்டிக்காரன் பிரசங்கம் செய்து அசத்திவிட்டான். கடைசியில் ஒரு பண்டிதர் எழுந்து சிக்கலான கேள்வி ஒன்றைப் போட்டார். வண்டிக்காரன் கொஞ்சமும் அசரவில்லை. "இவ்வளவு சுலபமான கேள்வியா? இதற்கு என் வண்டிக்காரனே பதில் சொல்லுவான். எங்கே, அவனைக் கூப்பிடுங்கள்!"

மலைக்கள்ளி | ஞாயிறு, பகல் 11:52

இதே கதையை மாக்ஸ் பிளாங்கின் கார் டிரைவரை வைத்தும் ஐன்ஸ்டைனின் டிரைவரை வைத்தும் கேட்டிருக்கிறேன். வார்த்தைக்கு வார்த்தை இதேதான், குதிரைக்குப் பதில் மோட்டார்.

பழங்கஞ்சி | ஞாயிறு, பகல் 12:01

அப்படியானால் வண்டிக்காரன்தான் நிஜம், முதலாளிகள்தான் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

எழுத்தாணி | ஞாயிறு, மாலை 5:30

பழங்கஞ்சி சொன்னது வேடிக்கையாக இருந்தாலும் சரியான வார்த்தை. கதை சொல்லிப் பேர்வாங்கியவர் தலையில் ஊரில் உள்ள கதைகள் எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும். வண்டிக்காரன் கதையை நான் சிரிப்புக்காக மட்டும் வைத்துக்கொள்வேன்.

ஆனால் காவோனோடு அவருக்கு இருந்த நட்பு வெறும் கதை அல்ல. காவோன் நோயிலிருந்து எழுந்து, படிக்கத் தெம்பில்லாமல் இருந்தபோது, பேச்சுத் துணைக்கு இவரை வில்னாவுக்கு வரவழைத்தார். இவர் டுப்னோவை விட்டுக் கிளம்பினார். நாளெல்லாம் நூலிலேயே கிடந்த அந்த மனிதருக்கு, படிக்க முடியாத நாட்களில் தேவைப்பட்டது இவருடைய பேச்சு.

அந்தச் சந்திப்பைச் சுற்றி ஒரு கதை உண்டு. அது இரண்டு முடிவுகளோடு உலவுகிறது, அதுதான் எனக்குப் பிடித்தது. காவோன் இவரிடம், "எனக்கும் கொஞ்சம் கண்டித்துப் புத்தி சொல்லுங்கள்" என்று கேட்கிறார். உலகமே அஞ்சும் மேதைக்கு யார் புத்தி சொல்வது? மாகித் தயங்கிவிட்டுச் சொல்கிறார்: "கதவைச் சாத்திக்கொண்டு நாலு சுவருக்குள் உட்கார்ந்து காவோனாக இருப்பதில் என்ன சாமர்த்தியம்? சந்தைக்கு வாருங்கள். வாங்குகிறவன் விற்கிறவன் நடுவில் நின்று காவோனாக இருந்து காட்டுங்கள், பார்க்கலாம்."

ஒரு வடிவத்தில் காவோன் அழுதுவிடுகிறார். இன்னொன்றில், "நான் வித்தை காட்டுகிறவன் அல்ல" என்று பதில் சொல்கிறார். அழுதார் என்று சொல்கிறவர்கள் மாகித்தின் ஆட்கள், இரண்டாவதைச் சொல்கிறவர்கள் காவோனின் ஆட்கள் என்பது என் ஊகம். எனக்கு இரண்டாவது முடிவுதான் ருசி. அடி வாங்கிக்கொண்டே திருப்பியும் கொடுக்கிறார். மாகித்தின் தொழிலையே அந்த ஒரு சொல்லில் தொட்டுவிடுகிறார் பாருங்கள்.

தூக்குச்சட்டி | ஞாயிறு, இரவு 8:15

இவ்வளவு போகும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். அவர் எழுதிய புத்தகம் எது, எதில் தொடங்கலாம்?

எழுத்தாணி | ஞாயிறு, இரவு 10:40

இந்த இடத்துக்கு எப்படியும் வரவேண்டியிருந்தது. அவர் உயிரோடு இருந்தபோது அவருடைய புத்தகம் ஒன்றுகூட அச்சாகவில்லை. இன்று அவர் பெயரில் இருப்பவை எல்லாம் அவர் மகன் ஈசாக்கும் 'பேர் பிளாம்' என்ற சீடரும் பின்னாளில் வெளியிட்டவை.

முதலில் வந்தது 'கோல் யாக்கோவ்' (யாக்கோபின் குரல்), 1819, வார்சா. அதாவது இறந்து 15 ஆண்டு கழித்து. உன்னதப்பாட்டு, ரூத், புலம்பல், பிரசங்கி, எஸ்தர் ஆகிய ஐந்து சுருள்களுக்கும் உரை. பெரிய புத்தகம் 'ஓஹெல் யாக்கோவ்' (யாக்கோபின் கூடாரம்), ஐந்து ஆகமங்களுக்கும். இதன் முதல் பாகம் 1830இல் யூசெஃபூவ் என்ற ஊரில், இரண்டாவது 1837இல் ஸோல்கியெவில். மற்ற மூன்றும் வந்து முடிவதற்குள் 1863 ஆகிவிட்டது. அதிலும் ஐந்தாவது 1859இல் முதலில் வந்து, நான்காவது 1861, மூன்றாவது 1863 என்று தலைகீழாக வந்தது. அச்சுத்தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி வருவதற்கு உள்ளே என்னென்ன நடந்திருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் புரியும்.

பஸ்கா இரவில் வாசிக்கிற ஹகாதாவுக்கு 'எமெத் லெயாக்கோவ்' (1836) இருக்கிறது. ஓய்வுநாளில் தோராவுக்குப் பின் வாசிக்கப்படும் தீர்க்கதரிசிகளின் பகுதிகளுக்கு 'கோகாவ் மியாக்கோவ்'. 'சேஃபெர் ஹமித்தோத்' என்று ஒழுக்கநூல் ஒன்று, எட்டு வாயில்களாகப் பிரித்தது, 1862. இந்தக் கடைசிப் புத்தகத்தைப் பிளாம் ஒழுங்குசெய்து விரித்தும் எழுதியிருக்கிறார். எது குரு, எது சீடர் என்று பிரிக்க முடியாது.

கதைகளை மட்டும் உருவி 'மிஷ்லே யாக்கோவ்' (யாக்கோபின் உவமைகள்) என்று 1886இல் ஒரு தொகுப்பு போட்டார்கள். ஆங்கிலத்தில் கிடைப்பவற்றிலும் இப்படிக் கதைகளை மட்டும் எடுத்துக் கோத்தவை அதிகம். தூக்குச்சட்டி, நீங்கள் எதில் தொடங்கினாலும் சரி. ஆனால் கதை முடிந்ததும் "இது எந்த வசனத்துக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லாத புத்தகம் என்றால் கீழே வைத்துவிடுங்கள்.

மலைக்கள்ளி | திங்கள், காலை 7:05

ஒரு நிமிடம். அப்படியானால் நாம் மூன்று நாளாக யாரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்? அவர் பேசியது அங்கத்திய யூதர்களின் பேச்சுமொழியான யிட்டிஷில், புத்தகம் எபிரெயத்தில், எழுதியது இன்னொருவர், அச்சானது 15 முதல் 59 ஆண்டுகள் கழித்து. சொல் வரிசையை வைத்து நீங்கள் செய்த நுணுக்கம் அவருடையதா, சீடருடையதா?

எழுத்தாணி | திங்கள், காலை 9:30

வசனத்தின் சொல் வரிசை ஏசாயாவுடையது, அதில் சந்தேகமில்லை. கதை அவருடையது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டையும் கட்டிய முடிச்சு யார் கை என்று கேட்டால், அவர் கைதான் என்று நினைக்கிறேன். முடிச்சு இல்லாமல் அந்தக் கதையை யாரும் நினைவில் வைத்திருக்கவே மாட்டார்கள்.

தொலைந்துபோனது வேறு. மாகித்கள் சாதாரணமாகப் பேசமாட்டார்கள், ஒருவிதமான ராகத்தில் இழுத்துப் பேசுவார்கள். பாட்டுமல்ல, பேச்சுமல்ல. மூட்டைதூக்கி வாசலில் நின்று மூச்சு வாங்குகிற இடத்தில் இவர் என்ன செய்திருப்பார்? மூச்சு வாங்கிக் காட்டியிருப்பாரா? வணிகரின் குரலை உள்ளேயிருந்து வருவது மாதிரித் தாழ்த்தியிருப்பாரா? எபிரெய அச்சில் அது நாலு வரி. கேட்டவர்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது "வெலோ ஓதி காராத்தா" என்று வசனம் வந்து விழுந்திருக்கும். அந்த ஒரு நொடி புத்தகத்தில் கிடைக்காது. நாம் படிப்பது வத்தல்.

ஓலைப்பெட்டி | திங்கள், பகல் 1:10

வத்தலும் குழம்புக்கு ஆகும் ஐயா :)

கதையை மட்டும் உருவினால் என்ன ஆகும் என்பதற்கு அவர் பெயரில் வழங்கும் இன்னொரு கதை. ஒரு கிராமத்தான் பட்டணத்துக்கு வருகிறான். ராத்திரி முரசு அடிக்கிற சத்தம். என்ன என்று கேட்டால், எங்கேயோ தீப்பிடித்துவிட்டது, அதற்குத்தான் என்கிறார்கள். காலையில் பார்த்தால் தீ அணைந்திருக்கிறது. அடடா, என்ன அதிசய முரசு என்று ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினான். கொஞ்ச நாளில் அங்கே ஒரு கூரையில் தீ. இவன் நடுவீதியில் நின்று முரசை அடிஅடியென்று அடிக்கிறான். ஊரே எரிந்து சாம்பலாகிவிட்டது.

எங்கள் சபையில் ஒருவர் இதை 'அறிவில்லாதவன்' என்ற தலைப்பில் சொல்லிச் சிரிக்கவைத்தார், அவ்வளவுதான். நிம்ஷால் என்னவென்று பிறகுதான் படித்தேன். புத்தாண்டு நாளில் யூதர்கள் ஊதுகிற கொம்பு, ஷோஃபார், அதைக் குறித்த கதை அது. முரசு தீயை அணைக்காது, தண்ணீர்க்குடத்தோடு ஆட்களை வரவழைக்கும். கொம்பைக் கேட்டதோடு கடமை முடிந்தது என்று வீட்டுக்குப் போகிறவனும் அந்தக் கிராமத்தானும் ஒன்று. அதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் சபையில் மணியடித்ததும் நான் என்ன செய்கிறேன் என்றுதான் யோசித்தேன்.

வரைபடப் பைத்தியம் | திங்கள், மாலை 6:20

ஊர்களைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பு. ஜீட்டெலில்தான் பின்னாளில், 1830களின் இறுதியில், ஹஃபெட்ஸ் ஹயிம் என்று பேர்பெற்ற ரபீயும் பிறந்தார். ஸாமோஷ்ச் பின்னாளில் பெரெட்ஸ் என்ற யிட்டிஷ் எழுத்தாளரையும் ரோசா லக்சம்பர்க்கையும் தந்த ஊர். டுப்னோவில் பெரிய ஜெப ஆலயத்தின் கட்டடம் இன்றும் நிற்கிறது. கூடி உட்கார ஆள்கள்தான் இல்லை. 1942 அக்டோபரில் டுப்னோ விமானதளத்துக்கு அருகே குழி வெட்டி யூதக் குடும்பங்களைச் சுட்டார்கள். அதை நேரில் பார்த்த கிரேபே என்ற ஜெர்மன் பொறியாளரின் வாக்குமூலம் நியூரம்பெர்க் விசாரணையில் வாசிக்கப்பட்டது. சந்தையும் மூட்டைதூக்கியும் பேசிய யிட்டிஷும் அங்கே அதோடு போயின.

ராத்திரி ஷிப்ட் | திங்கள், மாலை 6:48

இது தெரியாது. தகவலுக்கு நன்றி.

தூக்குச்சட்டி | செவ்வாய், இரவு 9:25

எல்லாருக்கும் நன்றி. ஒன்று சொல்லவேண்டும்.

என் அப்பா இருபத்தேழு வருடம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். இப்போது முட்டி தேய்ந்து வீட்டில் இருக்கிறார். நேற்று இரவு சாப்பிடும்போது அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். வசனத்தையும் சேர்த்துத்தான் சொன்னேன், எழுத்தாணி அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது என்று. முழுதாகக் கேட்டார். சிரிக்கவில்லை.

"சரக்கு மாறிப்போச்சுன்னா தூக்கினதுமே அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். "பேசின கூலிக்கு இந்தக் கனம் இருக்காதேன்னு முதுகு சொல்லிடும். தெரிஞ்சும் ஏன் தூக்கிட்டு வந்தான்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "இறக்கிவச்சா மறுபடி தூக்கிவிட ஆள் தேடணும்ல" என்றார். அப்புறம் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டார்: "சரி, அந்த முதல் நடைக்குக் கூலி குடுத்தானா, இல்லையா?"

மலைக்கள்ளி | செவ்வாய், இரவு 9:41

எழுத்தாணி அண்ணா, இதற்குப் பதில் சொல்லுங்கள். சொல் வரிசையை வைத்தே சொல்லலாம், பரவாயில்லை.

எழுத்தாணி | செவ்வாய், இரவு 11:50

நான் படித்த வடிவத்தில் கூலியைப் பற்றிப் பேச்சே இல்லை. வணிகர் திருப்பி அனுப்புகிறார், அதோடு கதை நின்றுவிடுகிறது. இரண்டு மணி நேரமாக 43ஆம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். 24இல் சுமை கடவுள் முதுகுக்கு மாறுகிறது, 25இல் கணக்கை அவரே அழிக்கிறேன் என்கிறார். கூலி என்று எங்கும் இல்லை.

தூக்குச்சட்டி, அப்பா தூங்கியிருக்காவிட்டால், தெரிந்தே தூக்கிக்கொண்டு வந்ததைப் பற்றி அவர் சொன்னதை இன்னும் கொஞ்சம் விவரமாகக் கேட்டு எழுதுங்கள்.